ஊர்கூடி வடித்த எழுத்து

நுழையும்முன்

கைப்பேசியில் தமிழில் ஒரு செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்புகிறோம். கடல்கடந்த நாட்டில் இருப்பவர் அடுத்த நொடியே அதனைப் பிழையின்றிப் படித்துவிடுகிறார். இன்று இயல்பாகத் தோன்றும் இச்செயல், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எளிதாக இல்லை. அதனை எளிதாக்கியதில், ஊதியம் கருதாது ஒன்றுகூடி, கருத்து வேறுபாடுகளைப் பேசித் தீர்க்க முயன்ற தன்னார்வலர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்கள் கூடிய களங்களே தமிழ் இணைய மாநாடுகள். அம்மாநாடுகள் தோன்றிய வரலாற்றையும், மக்களே முன்னின்று ஒரு தொழில்நுட்ப மாநாட்டைத் திட்டமிட்டு நடத்தும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

செப்பேடும் கணினியும்

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை – அரக்கோணம் தொடர்வண்டித் தடத்தில் அமைந்துள்ள ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையாரின் வரலாற்றோடு இணைந்த இவ்வூர், ஐந்து சபைகளுள் இரத்தின சபையாகப் போற்றப்படுகிறது. வரலாற்று ஆய்வாளர்களுக்கு இவ்வூரின் பெயர் மற்றொரு காரணத்தாலும் நெருக்கமானது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குக் கண்டெடுக்கப்பட்டன. சோழர் முத்திரை பொறித்த வளையத்தில் கோக்கப்பட்ட 31 ஏடுகளைக் கொண்ட அத்தொகுதி, வடமொழி, தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கிய செய்தி அதில் இடம்பெற்றுள்ளது. இன்று அச்செப்பேடுகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு செம்பில் வெட்டிய எழுத்தை, எழுத்துப்பயிற்சி பெற்ற ஒருவர் இன்றும் படித்துப் பொருள் கூற முடிகிறது. பொறித்தவரும் படிப்பவரும் ஒரே எழுத்துமுறையைப் பின்பற்றுவதே அதற்குக் காரணம். ஆனால், 1990களில் ஒரு கணினியில் எழுதப்பட்ட தமிழ் மடலை அதே நாளில் மற்றொரு கணினியில் படிக்க முடியாத நிலை இருந்தது. செம்பு ஆயிரம் ஆண்டுகள் காத்த தமிழைக் கணினியால் ஒரு நாள்கூடக் காக்க இயலவில்லை. குறை கருவியில் இல்லை. கருவியைப் பயன்படுத்தியோரிடையே பொதுவான உடன்பாடு இல்லாமையே குறை.

எழுத்துகள் சிதறிய காலம்

கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று வரையறுக்கும் அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். அக்காலத்தில் வழக்கிலிருந்த எட்டுப் பிட்டுக் குறியாக்கத்தில் 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முதல் 128 இடங்கள் ஆங்கில எழுத்துகள், எண்கள், கட்டளைக் குறிகள் ஆகியவற்றுக்கு உரியன. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துகளையும் தனித்தனியே அமைக்க இயலாது. எனவே, உயிர்மெய் எழுத்துகளைக் கொம்பு, கால், கொக்கி எனப் பகுத்து, அவ்வடிவங்களை இயன்ற இடங்களில் பொருத்தினர்.

எந்த வடிவத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை எழுத்துரு உருவாக்கிய ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தனர். ஒருவர் 'க' என்னும் எழுத்தை வைத்த எண்ணில் மற்றொருவர் 'ஞ' என்னும் எழுத்தை வைத்திருப்பார். முதலாமவரின் எழுத்துருவில் எழுதப்பட்ட கட்டுரையை இரண்டாமவரின் எழுத்துருவில் திறந்தால் சொற்கள் சிதைந்து தோன்றும். ஒரு நாளிதழின் இணையப்பக்கத்தைப் படிக்க அந்நாளிதழின் எழுத்துருவையும், மற்றொன்றைப் படிக்க அதற்குரிய எழுத்துருவையும் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. விசைப்பலகைகளும் பலவாறாக இருந்தன. ஒன்றில் பழகிய விரல்கள் மற்றொன்றில் தடுமாறின.

இச்சிக்கலை ஓர் அரசு ஆணையால் மட்டும் தீர்த்திருக்க முடியாது. தமிழர் தமிழ்நாட்டில் மட்டும் வாழவில்லை. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பல நிலப்பகுதிகளில் வாழ்வோர் தத்தம் கணினியில் தமிழை வளர்த்துவந்தனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கியிருந்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கியிருந்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் பெயரில் தமிழ் மென்பொருளை வடிவமைத்தார். இவர்கள் அனைவருக்கும் கட்டளையிடும் அதிகாரம் எவருக்கும் இல்லை. அழைத்துப் பேசும் வழி ஒன்றே எஞ்சியிருந்தது.

சிங்கப்பூரில் தொடக்கம்

அந்த அழைப்பு சிங்கப்பூரிலிருந்து வந்தது. நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணையம் குறித்த முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. அதுவரை எழுத்துருக்களின் பெயர்களால் மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்தோர் பலர் அங்கு நேரில் சந்தித்தனர். எல்லாச் சிக்கல்களும் அங்கேயே தீர்ந்துவிடவில்லை. எனினும், சிக்கல் பொதுவானது, தீர்வும் பொதுவாகவே அமைய வேண்டும் என்னும் தெளிவு பிறந்தது.

அதே காலத்தில், பல நாடுகளைச் சேர்ந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினர். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரத்தின் முன்னெடுப்பில் மதுரைத் திட்டம் தொடங்கியது. தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் ஆக்கிக் கட்டணமின்றி வழங்கும் அத்திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் உதவினர். பொதுக் குறியாக்கம் இல்லையேல் இத்தகைய கூட்டுப்பணிக்கு இடமில்லை என்பதை அத்திட்டம் நடைமுறையில் உணர்த்தியது.

சென்னையில் பிறந்த விசைப்பலகை

1999ஆம் ஆண்டு பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் தமிழ்நாடு அரசின் ஆதரவுடன் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. விசைப்பலகையையும் குறியாக்கத்தையும் தரப்படுத்துவது அதன் முதன்மை நோக்கமாக அமைந்தது. அதன் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், ஒருமொழிக்கு உரிய 'டாம்', இருமொழிக்கு உரிய 'டாப்' என்னும் குறியாக்கங்களும் அரசின் ஏற்பைப் பெற்றன. இணையவழித் தமிழ்க் கல்விக்கெனத் தனி நிறுவனம் அமைக்கும் எண்ணமும் அம்மாநாட்டையொட்டி உருப்பெற்றது. 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனமே அது.

தமிழ்99 விசைப்பலகை தமிழ் இலக்கணத்தைக் கணினிக்குக் கற்பித்தது எனலாம். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளுக்கான விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் எழுதிவிட முடியும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மிகுதியாகப் பயிலும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்தன. ஒரே மெய் அடுத்தடுத்து வரும்போது முதல் எழுத்துக்குப் புள்ளி தானே அமையும். 'அம்மா' என எழுத, அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகள் போதும். மெல்லினத்தை அடுத்து அதற்கு இனமான வல்லினம் வரும்போதும் புள்ளி தானே விழும். 'பந்து' என எழுத, ப, ந, த, உ என்று தட்டினால் போதும். மொழியறிந்தோரும் கணினியறிந்தோரும் ஒரே மேசையில் அமர்ந்தால் எத்தகைய பயன் விளையும் என்பதற்கு இவ்விசைப்பலகை நல்ல சான்று.

மன்றம் தோன்றுதல்

மாநாடு முடிந்ததும் அனைவரும் பிரிந்து சென்றுவிடுகின்றனர். அங்கு எடுத்த முடிவுகளை யார் தொடர்ந்து செயற்படுத்துவது? இவ்வினாவுக்கு விடையாக, 2000ஆம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூரில் நடைபெற்ற மாநாட்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பட்டது. அதன் சுருக்கப்பெயர் 'உத்தமம்'. அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். கலைச்சொல்லாக்கம், ஒருங்குறி முதலிய பொருள்களுக்கெனத் தனித்தனிப் பணிக்குழுக்கள் அமைக்கப்பட்டன.

தன்னார்வலர்களால் இயங்கும் இம்மன்றம் ஒரே ஊரில் நிலைகொள்ளவில்லை. 2001இல் கோலாலம்பூர், 2002இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, 2003இல் சென்னை, 2004இல் சிங்கப்பூர் என மாநாடுகள் இடம்மாறி நிகழ்ந்தன. அடுத்த மாநாடு 2009ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கொலோன் நகரில்தான் கூடியது. பிறகு கோயம்புத்தூர், பிலடெல்பியா, சிதம்பரம், புதுச்சேரி, காந்திகிராமம், டொராண்டோ, தஞ்சாவூர் முதலிய ஊர்கள் மாநாட்டை வரவேற்றன. பெருந்தொற்றுக் காலத்தில் மாநாடு இணையவழியே நடைபெற்றது.

இடையில் நேர்ந்த ஐந்தாண்டு இடைவெளி ஓர் உண்மையை உணர்த்துகிறது. மக்கள் மாநாடு தானே நிகழ்வதன்று. ஒவ்வோர் ஆண்டும் பொறுப்பேற்க யாரேனும் முன்வந்தால்தான் அது நிகழும்.

தெரிந்து தெளிவோம்

ஒருங்குறி என்பது உலக மொழிகளின் எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண்களை வழங்கும் பொதுக் குறியாக்கம். 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. பழந்தமிழ்ப் பின்னங்கள், அளவைக் குறியீடுகள் உள்ளிட்ட 51 குறிகள் 2019ஆம் ஆண்டு வெளிவந்த 12ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டன.

மாநாடு உருப்பெறும் முறை

நிறுவனம் நடத்தும் மாநாட்டுக்கும் மக்கள் நடத்தும் மாநாட்டுக்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. முன்னதில் பேசுவோர் ஒருபுறமும் கேட்போர் ஒருபுறமும் இருப்பர். பின்னதில் இன்று கேட்பவர் நாளை பேசுவார். நேற்றுப் பேசியவர் இன்று நாற்காலிகளை வரிசைப்படுத்துவார். இச்சமநிலையைக் காப்பதே திட்டமிடலின் உயிர்நாடி. அது பின்வரும் படிநிலைகளில் அமையும்.

முதற்படி நோக்கத்தை வரையறுத்தல். 'தமிழும் கணினியும்' என்பது பரந்த தலைப்பு. 'பொதுவான விசைப்பலகை எது?' என்பது விடை தேடும் வினா. மாநாடு முடியும்போது எந்த வினாவுக்கு விடை கிடைத்திருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுதல் நன்று.

இரண்டாம் படி குழுக்களை அமைத்தல். தமிழ் இணைய மாநாடுகளில் பன்னாட்டு ஒருங்கிணைப்புக்கு ஒரு குழுவும், ஆய்வரங்க நிகழ்ச்சிகளுக்கு ஒரு குழுவும், மாநாடு நிகழும் ஊரின் பணிகளைக் கவனிக்க உள்ளூர்க் குழு ஒன்றும் அமைக்கப்படுவது வழக்கம். கட்டுரையின் தகுதியை முடிவுசெய்வோரும், அரங்கம், உணவு, தங்குமிடம் ஆகியவற்றைக் கவனிப்போரும் வேறுவேறாக இருப்பதால், விருந்தோம்பலின் முகத்தாட்சிண்யம் ஆய்வின் தரத்தைப் பாதிக்காது.

மூன்றாம் படி கட்டுரைகளுக்கான அழைப்பு. பல மாதங்களுக்கு முன்பே பொருள்களை அறிவித்து, ஆய்வுச் சுருக்கங்களைப் பெற வேண்டும். அவற்றை அத்துறை அறிந்தோர் மதிப்பிடுவர். எழுதியவரின் பெயரை மறைத்து மதிப்பிடும் முறை சிறந்தது. புகழ்பெற்ற பேராசிரியரின் கட்டுரையும், முதன்முறை எழுதும் மாணவரின் கட்டுரையும் அங்கு ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன. ஏற்கப்படாத கட்டுரைக்கு அதற்கான காரணத்தைக் கனிவுடன் எழுதி அனுப்புவது, அடுத்த ஆண்டுக்கான ஆய்வாளர் ஒருவரை உருவாக்கும்.

நான்காம் படி அரங்குகளைப் பகுத்தல். ஆய்வுக்கட்டுரைகளுக்கு ஆய்வரங்கு, புதிய மென்பொருள்களைக் காட்டக் கண்காட்சி, பொதுமக்களும் மாணவர்களும் கற்றுக்கொள்ள மக்கள் அரங்கு எனப் பிரித்துக்கொள்ளலாம். கண்காட்சியில் ஒரு முதியவர் தம் பெயரைத் தட்டச்சு செய்ய முடியாமல் தடுமாறும்போது, மென்பொருளை உருவாக்கியவர் தம் குறையை நேரில் காண்கிறார். பத்துக் கட்டுரைகள் உணர்த்தாததை அந்த ஒரு நிமிடம் உணர்த்திவிடும்.

ஐந்தாம் படி நிதி. பதிவுக் கட்டணம், நிறுவனங்களின் நன்கொடை, கல்வி நிலையங்கள் தரும் இடவசதி ஆகியவையே மக்கள் மாநாட்டின் வருவாய். நன்கொடையாளரின் பெயரை நன்றியுடன் அறிவிக்கலாம்; நிகழ்ச்சிநிரலைத் தீர்மானிக்கும் உரிமையை அவருக்கு வழங்குதல் கூடாது. மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் பயண உதவியும் ஒதுக்குவது இன்றியமையாதது. வரவு செலவைப் பொதுவில் வெளியிடுதல் நம்பிக்கையை வளர்க்கும்.

ஆறாம் படி நேரத்தைக் காத்தல். மாநாட்டில் மிக எளிதாகத் திருடப்படும் பொருள் நேரமே. வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை எனத் தொடக்க விழா நீளுமாயின், நெடுந்தொலைவிலிருந்து வந்த இளம் ஆய்வாளருக்கு ஐந்து நிமிடமே எஞ்சும். உரை முடிந்ததும் வினா எழுப்ப நேரம் ஒதுக்காத அமர்வு, கதவிருந்தும் திறக்கப்படாத வீட்டை ஒக்கும்.

ஏழாம் படி மாநாட்டுக்குப் பிந்தைய பணி. கட்டுரைகளைத் தொகுத்து மலராக வெளியிடுதல், அனைவரும் இணையத்தில் படிக்குமாறு வைத்தல், எடுத்த முடிவுகளையும் பொறுப்பேற்றவர்களையும் பதிவு செய்தல் ஆகியன இதனுள் அடங்கும். செப்பேடு இல்லையேல் அறக்கொடையின் செய்தி நமக்குக் கிடைத்திராது. பதிவு இல்லையேல் மாநாட்டின் முடிவும் நிலைக்காது.

முரண்பாடும் உடன்பாடும்

மாநாட்டில் கூடியோர் அனைவரும் ஒரே கருத்துடையவராக இருந்ததில்லை. அரசு டாம், டாப் குறியாக்கங்களை ஏற்ற பின்னும், ஆர்வலர் பலர் திஸ்கியையே தொடர்ந்து பயன்படுத்தினர். ஒருங்குறி பரவத் தொடங்கியபோது புதிய விவாதம் எழுந்தது. ஒருங்குறியில் அகர உயிர்மெய் நீங்கலான பிற உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனி இடங்கள் இல்லை. அகர உயிர்மெய்யின் குறியையும் உயிரின் குறியையும் இணைத்தே அவை பெறப்படுகின்றன. எல்லா எழுத்துக்கும் தனி இடம் வேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறையிலிருந்து தமிழ் விலகி நின்றால் தனித்தீவாகிவிடும் என்பது மற்றொரு சாரார் கவலை. இரு தரப்பினரும் தமிழின் நலன் கருதியே வாதிட்டனர். 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அனைத்து எழுத்துக்கும் தனி இடம் தரும் 16 பிட்டுக் குறியாக்கத்துக்கும், ஒருங்குறி இயங்காத இடங்களில் பயன்படுத்த ஏற்பளித்தது.

இன்று திரும்பிப் பார்க்கையில், திஸ்கியும் டாமும் டாப்பும் அன்றாட வழக்கிலிருந்து பெரிதும் மறைந்துவிட்டன. தமிழ்99 விசைப்பலகையோ இன்றைய கைப்பேசியிலும் கிடைக்கிறது. அவ்வாறாயின், மறைந்த குறியாக்கங்களுக்காக உழைத்தோரின் உழைப்பு வீணானதா? இல்லை. தம் எழுத்துருவைக் கைவிட்டுப் பொதுமுறைக்கு மாறுவது எத்தகைய இழப்பு, எத்தகைய பயன் என்பதை அவர்கள் அப்போதே கற்றுக்கொண்டனர். ஒரு பொதுமுறையிலிருந்து மற்றொன்றுக்கு உரைகளை மாற்றித்தரும் மென்பொருள்களும் உருவாயின. ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒருங்குறிக்கு மாறியதும் அத்தகைய கருவிகளால்தான். தம்முடையதே சிறந்தது என்று நம்பிய ஒருவர், பொதுநலன் கருதித் தம்முடையதை விட்டுக்கொடுக்கும் இடமே மாநாடு. அந்த மனநிலையை எந்த மென்பொருளாலும் உருவாக்கித்தர இயலாது.

மாநகரிலிருந்து மாவட்டத்துக்கு

தமிழ்க் கணிமைக்கு அப்பாலும் தன்னார்வலர் நடத்தும் தொழில்நுட்ப மாநாடுகள் பெருகியுள்ளன. பைத்தான் என்னும் நிரல்மொழியைப் பயன்படுத்துவோர் 2009ஆம் ஆண்டு பெங்களூருவில் பைகான் இந்தியா மாநாட்டைத் தொடங்கினர். 2019ஆம் ஆண்டு அது சென்னையில் நடைபெற்றது. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் உலகளாவிய தன்னார்வலர்களின் ஆண்டு மாநாடு, 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் கூடியது.

அதே ஆண்டு ஜனவரியில், டெபியன் சமூகத்தின் சிறு மாநாடு ஒன்று விழுப்புரத்தில் நடைபெற்றது. விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு அதனை நடத்துவதில் முன்னின்றது. பெருநகரத்து நட்சத்திர விடுதிகளில்தான் தொழில்நுட்பம் பேசப்படும் என்னும் எண்ணத்தை அது மாற்றியது. மாவட்டத் தலைநகர் ஒன்றால் இயன்றது மற்றோர் ஊராலும் இயலும்.

திருவாலங்காட்டில் ஒரு நாள்

திருவாலங்காட்டுப் பகுதி மாணவர்கள் ஒருநாள் தொழில்நுட்ப மாநாடு ஒன்றை நடத்த எண்ணுவதாகக் கொள்வோம். முதலில் அவர்கள் தேட வேண்டியது தம் மண்ணுக்குரிய வினாவை. இப்பகுதி கரும்பு விளையும் நிலம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கு உள்ளது. ஆலைக்குக் கரும்பு அனுப்பும் உழவருக்கு எடை, வெட்டும் நாள், பணம் வரவாகும் நாள் ஆகியவற்றைத் தமிழில் குரல்வழி அறிவிக்கும் செயலி எவ்வாறு அமைய வேண்டும் என்பது ஒரு வினா. அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தமிழரோடு பிற மாநிலத் தொழிலாளரும் பணிபுரிகின்றனர். இயந்திரத்தின் மீதுள்ள எச்சரிக்கையை ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் படிக்க வழி என்ன என்பது மற்றொரு வினா. எழுத்தைப் படிக்க இயலாமை ஆலைக்குள் உயிருக்கே இடராகலாம்.

அடுத்து, நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களையும் பொதுத்தேர்வுக் காலத்தையும் தவிர்த்தல் நலம். மார்கழித் திருவாதிரையன்று ஊரில் அடியார் கூட்டம் மிகும், அந்நாளும் பொருந்தாது. ஆடி, ஆவணி மாதங்களின் ஒரு சனிக்கிழமை ஏற்றதாகலாம். சென்னையிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வருவோர் புறநகர்த் தொடர்வண்டியை நம்பியிருப்பர். எனவே, முதல் அமர்வின் தொடக்கமும் இறுதி அமர்வின் முடிவும் வண்டியின் நேரத்தை ஒட்டி அமைய வேண்டும். நிலையத்திலிருந்து பள்ளிக்கு வழிகாட்ட இருவர் நிற்க வேண்டும்.

அறுபது பேர் அமரும் வகுப்பறை, ஒரு படவீழ்த்தி, மின்தடை நேர்ந்தால் உதவும் மாற்று ஏற்பாடு, குடிநீர், எளிய மதிய உணவு ஆகியவை போதும். சக்கர நாற்காலியில் வருவோர் ஏறச் சாய்தளம் உள்ள அறையைத் தேர்ந்தெடுத்தல் கடமை. முற்பகலில் உழவர் ஒருவரும் தொழிலாளர் ஒருவரும் தம் இடர்ப்பாடுகளை எடுத்துரைக்கலாம். அதன் பின்னரே நிரலாளர் பேச வேண்டும். பிற்பகலில் சிறு குழுக்களாகப் பிரிந்து தீர்வின் முதல் வரைவை உருவாக்கலாம். இறுதியாக, ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிடம் உரையாற்றலாம். அன்று மாலையே முடிவுகள் பதிவு செய்யப்பட வேண்டும்.

வந்தோர் அனைவரும் தேர்ந்த நிரலாளராக இருக்கத் தேவையில்லை. மொழிபெயர்க்கத் தெரிந்தவர், படம் வரையத் தெரிந்தவர், பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர், கணக்கை நேர்மையாக எழுதத் தெரிந்தவர் என ஒவ்வொருவருக்கும் அங்கு இடமுண்டு. ஊர்கூடித் தேரிழுக்கையில் வடம்பிடிப்பவர் மட்டுமா இழுக்கிறார்? சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் தவறினால் தேர் நிலைக்கு வாராது.

முடிவுரை

திருவாலங்காட்டுச் செப்பேட்டின் பின்னே ஓர் அரசனின் ஆணை இருந்தது. இன்று கைப்பேசித் திரையில் ஒளிரும் தமிழ் எழுத்தின் பின்னே அத்தகைய ஒற்றை ஆணை ஏதுமில்லை. சிங்கப்பூரிலும் சென்னையிலும் கோலாலம்பூரிலும் கொலோனிலும் கூடிப் பேசி, வாதிட்டு, விட்டுக்கொடுத்த பலரின் உழைப்பு இருக்கிறது. அவர்களுள் பலரின் பெயரை எந்தச் செப்பேடும் தாங்கவில்லை. ஆயினும், தமிழில் ஒரு சொல் தட்டச்சாகும் ஒவ்வொரு முறையும் அவர்களின் உடன்பாடு செயற்படுகிறது. பேச்சைக் கணினி புரிந்துகொள்ளவும் மொழிகளுக்கிடையே மொழிபெயர்க்கவும் முயலும் இக்காலத்தில் புதிய சிக்கல்கள் எழுந்துள்ளன. அவற்றுக்கான தீர்வைக் காணும் அடுத்த கூட்டம், ஏதேனும் ஒரு பள்ளியின் வகுப்பறையிலும் தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்

1. தமிழ்99 விசைப்பலகையைக் கைப்பேசியில் அமைத்து, 'தங்கம்', 'கண்ணன்', 'வெற்றி' ஆகிய சொற்களைத் தட்டச்சு செய்க. புள்ளி தானாக அமைந்த இடங்களையும் அமையாத இடங்களையும் குறிப்பிட்டுக் காரணம் கூறுக.

2. உங்கள் ஊரில் தொழில்நுட்பத்தின் உதவியால் தீர்க்கத்தக்க சிக்கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதுகுறித்த ஒருநாள் மாநாட்டுக்கு நிகழ்ச்சிநிரல் ஒன்றை உருவாக்குக.

3. 'பொதுநலனுக்காகத் தம் கருத்தை விட்டுக்கொடுத்தல் தோல்வியாகுமா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.